பிரெஞ்சில் அளவு சொல்லும்போது 'து' ஏன் முக்கியம்

பிரெஞ்சில் ஒன்று முதல் நூறு வரை தடுமாறாமல் எண்ணுபவர்களும் 'நிறையப் பால்' என்று சொல்லும் இடத்தில் திணறுகிறார்கள். தமிழில் 'பால் குடிக்கிறேன்' என்றால் போதும். பிரெஞ்சில் வெறும் 'லே' (பால்) நிற்காது. 'த்யூ லே' என்று முன்னால் ஒரு சொல் வேண்டும். அதைப் பழகிய வேகத்தில் 'போகூ த்யூ லே' என்கிறார்கள். அது தவறு. அளவுச் சொல் வந்துவிட்டால் பொதுவாக 'த்யூ', 'து லா', 'தே' (முறையே ஆண்பால், பெண்பால், பன்மைப் பெயர்களுக்கு முன் வருபவை) மூன்றும் வெறும் 'து' ஆகிவிடும்: 'போகூ து லே'. (இந்தத் 'து'வை 'அது' என்பதன் கடைசி ஒலி போல, உதடு குவிக்காமல் சொல்லுங்கள்.) உயிரொலிக்கு முன் அதுவும் சுருங்கும், நிறையத் தண்ணீர் 'போகூ தோ'. 'பால் இல்லை' என்பதற்கும் இதே விதிதான்: 'பா து லே'.

ஆகவே 'து'வோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்: 'அஸே து' போதுமான, 'த்ரோ து' அளவுக்கு மீறிய, 'அன் கிலோ து' ஒரு கிலோ. 'லா ப்ளூபார் தே', அதாவது 'பெரும்பாலான', விதிவிலக்கு. 'காபி ரொம்பப் பிடிக்கும்' என்பதிலும் 'து' வராது, 'ஜேம் போகூ லு கஃபே'தான். அங்கே 'போகூ' வினையைச் சேர்ந்தது.

'அன் பெ து' என்றால் கொஞ்சம் இருக்கிறது. 'அன்' விட்டுப்போய் 'பெ து' ஆனால், போதாத அளவே இருக்கிறது என்று பொருள். எண்ணக்கூடிய பொருளுக்கு 'அன் பெ து'வை விட்டு 'கெல்க்' என்று தொடங்குங்கள். 'சில ஆப்பிள்கள்' அப்படித்தான் வரும்.

மிகவும் கவனிக்க வேண்டியது 'ப்ளூ'. அது 'இன்னும் அதிகம்' என்றும், எதிர்மறையில் 'இனி இல்லை' என்றும் பொருள் தரும். பேச்சில் எதிர்மறையைக் காட்டும் 'ந' என்ற சொல் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இரண்டையும் பிரித்துக் காட்ட மிஞ்சுவது கடைசி 'ஸ்' ஒலி மட்டுமே. 'ப்ளூஸ் து லே' என்றால் இன்னும் அதிகப் பால். 'ப்ளூ து லே' என்றால் பால் தீர்ந்துவிட்டது. எழுத்தில் இரண்டும் ஒன்றே என்பதால் கேட்டுப் பழகாமல் இது வராது.

சந்தையில் 'யூன் லீவ்ர்' என்று கேட்டால் அரை கிலோ கிடைக்கும். 1812இல் நெப்போலியன் ஆட்சி அதை 500 கிராமாக நிர்ணயித்தது; 1840 முதல் சட்டப்படி வழக்கொழிந்தும் மக்கள் வாயில் நிலைத்துவிட்டது. ஆங்கிலப் பவுண்டு 454 கிராம்தான். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கடைக்காரர் 'எத்தனை?' என்றால் வெறும் எண்ணைச் சொல்லி நிறுத்தலாம். முழு வாக்கியமாகச் சொன்னால் 'ஆன்' ('அதில்') கட்டாயம்: 'ஜான் வூத்ரே தெ', அதில் இரண்டு வேண்டும். விலை கேட்கும்போது 'தெஸ் எரோ' 2 யூரோ, 'தூஸ் எரோ' 12 யூரோ. சந்தேகம் வந்தால் பணத்தை நீட்டும் முன் எண்ணைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள்.