பிளாஸ்டிக்கும் நெகிழியும்

பிளாஸ்டிக் என்பது கிரேக்கத்தின் 'பிளாஸ்டிகோஸ்' வழியே வந்த சொல். களிமண்ணைப் போல விரும்பிய உருவத்துக்கு வனையக்கூடியது என்று பொருள். ஆக, முதலில் அது ஒரு குணத்தின் பெயர்தான். 1907-இல் வேதியியலாளர் லியோ பேக்லண்ட் பேக்லைட் என்ற முழுக்கச் செயற்கையான பிளாஸ்டிக்கை உருவாக்கினார். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்தக் குணப்பெயரே பொருளின் பெயராக நிலைத்தது.

தமிழில் நெகிழி. 'மனம் நெகிழ்ந்தது' என்கிறோமே, அதே நெகிழ் என்ற வினையோடு இகரம் சேர்ந்தது. நல்ல சொல்தான், ஆனால் எல்லா நெகிழியும் நெகிழாது. பாலித்தீனும் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) என்ற வகையும் சூட்டில் இளகும், மறுபடி வார்க்கலாம். இவை இளகும் நெகிழி. பேக்லைட், மெலமைன் எல்லாம் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான், சூடாக்கினால் உருகாமல் கருகும். இவை இறுகும் நெகிழி.

கரிம உமிழ்வைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு ரொம்ப முக்கியம். நெகிழியால் 2019-இல் சுமார் 180 கோடி டன் பசுங்குடில் வாயு வெளியானதாக ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு) கணக்கிட்டது, உலக மொத்தத்தில் 3.4 சதவீதம். அதில் ஏறக்குறைய 90 சதவீதம் தயாரிப்பிலேயே வந்துவிடுகிறது. ஏனென்றால் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்த நாஃப்தா என்ற திரவம் போன்றவற்றை 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி உடைத்தால்தான் பாலித்தீனின் மூலப்பொருளான எத்திலீன் கிடைக்கும், அந்தச் சூட்டுக்கும் எரிபொருளைத்தான் எரிக்கிறார்கள். பழைய பாலித்தீனை உருக்கி வார்த்தால் இந்தப் படியே தேவையில்லை. அதையே எரித்தால்? பாலித்தீனின் எடையில் 7-இல் 6 பங்கு கார்பன், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது ஒரு கிலோவுக்குச் சுமார் 3.1 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். இவ்வளவு தெரிந்தும் உலகில் மறுசுழற்சி ஆவது கழிவில் வெறும் 9 சதவீதம்தான் என்பது வேதனை.

அப்புறம் 'உயிரி நெகிழி'. இந்தச் சொல் எனக்குப் பிடிக்கவே இல்லை, இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்கிவிடுகிறது. கரும்பு எத்தனாலிலிருந்து செய்த பாலித்தீன் தாவரத்திலிருந்து வந்ததுதான், ஆனால் மட்காது. பெட்ரோலியத்திலிருந்து செய்தும் மட்கக்கூடிய வகைகள் உண்டு. அதனால் எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்ல 'தாவர மூல நெகிழி', கடைசியில் என்னவாகும் என்பதைச் சொல்ல 'மட்கும் நெகிழி' என்று தனித்தனியாகவே எழுதுங்கள்.