1.84 லட்சம் கோடி கோடி கோள்கள், ஓர் ஆறுகூட இல்லை

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி: “பிளஸ் டூ முடித்த மகன் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்ற விண்வெளி விளையாட்டில் மூழ்கிக் கிடக்கிறான். கோடி கோடியாகக் கோள்கள் இருக்கிறதாம். அத்தனையும் இந்தச் சின்ன கம்ப்யூட்டருக்குள் எப்படி இருக்கும்? இதற்கு முடிவென்று ஒன்று உண்டா?”

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கம்: கதைக்கு முடிவு உண்டு, ஊர் சுற்றுவதற்கு இல்லை. இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் 2016 ஆகஸ்டில் வெளியிட்ட இந்த விளையாட்டின் கோள்கள் 18,446,744,073,709,551,616 என்பார்கள். அதாவது 2இன் 64ஆம் அடுக்கு. நொடிக்கு ஒரு கோள் என்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடினாலும் சுமார் 58,450 கோடி ஆண்டுகள் ஆகும். முதல் கேள்விதான் சுவையானது. கோளுக்கு ஒரே ஒரு பைட் ஒதுக்கினாலும் 1.84 கோடி டெராபைட் வேண்டும். விளையாட்டோ ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும். ஆகவே கோள்கள் உள்ளே இல்லை. அவற்றைச் செய்யும் கணக்கு மட்டுமே இருக்கிறது.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஓர் எண்ணை 5ஆல் பெருக்கி, 3ஐக் கூட்டி, 16ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள். அந்த மீதியை வைத்து மறுபடியும் அதையே செய்யுங்கள். 7இல் தொடங்கினால் 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4 என்று போய், திரும்ப 7க்கே வரும். 0 முதல் 15 வரை எல்லா எண்ணும் தலா ஒருமுறை, குலுக்கிப் போட்டதுபோல. ஆனால் குலுக்கல் எதுவும் நடக்கவில்லை. நாகர்கோவிலில் போட்டாலும் குளச்சலில் போட்டாலும் 7க்குப் பிறகு 6தான். தொடங்கும் அந்த எண்ணுக்கு ‘சீட்’ (seed, விதை) என்று பெயர். சீட் ஒன்றானால் விளைவும் ஒன்றே. நண்பர்கள் இருவர் இரண்டு ஊரில் இருந்துகொண்டு ஒரே கோளில் இறங்கும்போது, சர்வர் அவர்களுக்கு மலையையும் கடலையும் அனுப்புவதில்லை. அவரவர் கம்ப்யூட்டர் அதே மலையைத் தானே கணக்குப் போட்டு எழுப்பிக்கொள்கிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘இரட்டைப்படை வந்தால் கடல் உண்டு, ஒற்றைப்படை வந்தால் இல்லை’ என்று விதி வைத்து மேலேயுள்ள வரிசையை மறுபடி பாருங்கள். ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று கடைசிவரை மாறிமாறியே வருகிறது! ஒன்றுவிட்டு ஒரு கோளில் கடல். இவ்வகைக் கணக்கில் எண்ணின் கடைசி பிட்டுகள் (எண்ணை 0, 1 மட்டும் வைத்து எழுதும்போது வரும் இலக்கங்கள்) சலிப்பூட்டும் சுழற்சியில் ஓடும். நம்பத்தக்கவை முதல் பிட்டுகளே. ‘8க்கு மேல் அல்லது 8 என்றால் கடல்’ என்று விதியை மாற்றினால், முதல் மூன்றும் வறட்சி, அடுத்த மூன்றிலும் கடல், பிறகு ஒன்று வறட்சி, தொடர்ந்து நான்கில் கடல் என்று இயற்கையாக வந்துவிடுகிறது. கணினியில் இந்த முறையை 1949இல் முன்வைத்த டெரிக் லேமர் ஓர் எண் கணித ஆய்வாளர். ‘இதனால் என்ன பயன்?’ என்பதையே முதல் கேள்வியாகக் கேட்டு ஆராய்ச்சி நிதி கொடுக்கிறவர்கள், அன்றைக்கு எண் கணிதத்துக்குச் சல்லிக்காசு கொடுத்திருக்கமாட்டார்கள்.

இனி முகவரி. விளையாட்டில் ‘போர்ட்டல்’ என்ற வாசல்கள் உண்டு. 16 வகைக் குறிகளில் 12ஐ வரிசையாக அழுத்தினால் நாம் இருக்கும் கேலக்ஸிக்குள் குறிப்பிட்ட கோளுக்குப் போய்விடலாம். அந்தப் பன்னிரண்டும் வெறும் அலங்காரமல்ல. முதல் குறி கோளின் எண். அடுத்த மூன்று நட்சத்திரக் குடும்பத்தின் எண். அடுத்த இரண்டு கேலக்ஸிக்குள் உயரம். மிச்சம் ஆறில் மூன்று ஒரு திசைத் தொலைவு, மூன்று இன்னொரு திசைத் தொலைவு. 16இன் 12ஆம் அடுக்கு, அதாவது 48 பிட். 1984இல் டேவிட் பிராபனும் இயன் பெல்லும் 32 கிலோபைட் நினைவகமுள்ள பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரில் ‘எலீட்’ விளையாட்டை எழுதியபோது அவர்கள் வைத்திருந்த சீட்டும் 16 பிட் எண்கள் மூன்று, அதே 48 பிட். அதை வைத்து 8 கேலக்ஸி, ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திரங்கள் செய்தார்கள்.

முகவரியை அப்படியே சீட்டாக வைத்தால் பக்கத்துப் பக்கத்துக் கோள்கள் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். அதனால் முதலில் கடைய வேண்டும். ஒரு பெரிய ஒற்றைப்படை எண்ணால் பெருக்கு, 64 பிட்டைத் தாண்டி வழிவதை வெட்டு, மேல் பாதியைக் கீழ்ப் பாதியோடு கல, மறுபடி பெருக்கு. நன்றாகக் கடைந்தால், முகவரியில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடையின் 64 பிட்டுகளில் ஏறக்குறைய 32 புரண்டுவிடும். ஆயிரமாவது கோள் வேண்டுமென்றால் முன்னுள்ள 999ஐயும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, நேரே அதன் முகவரியைக் கடைந்தால் போதும்.

மலைக்கும் இதே வேலைதான். தரையில் கட்டம் போட்டு, கட்டத்தின் மூலைக்கு மூலை அந்த இடத்தின் எண்களைக் கடைந்து ஒரு சரிவைப் பெறுகிறார்கள். நடுவே மழுங்கலாக இணைக்கிறார்கள். கென் பெர்லின் என்ற கணினி அறிஞர் 1985இல் வெளியிட்ட இந்த முறைக்கு 1997இல் ஆஸ்கரின் தொழில்நுட்ப விருதே கிடைத்தது. ஒரே அலை போதாது: 1,024 மீட்டருக்கு ஒருமுறை எழுந்து தாழும் 200 மீட்டர் அலை, அதன்மேல் 512க்கு 100, 256க்கு 50 என்று பாதி பாதியாக அடுக்கிக்கொண்டே போனால், ஆறாவது அடுக்கில் 32 மீட்டருக்கு ஆறேகால் மீட்டர் மேடு வந்து நிற்கும். தூரத்தில் வேளிமலை மாதிரியும் அருகில் பாறைமேடு மாதிரியும் தெரிவது இந்த அடுக்கினால்தான்.

இதிலுள்ள அழகும் ஊனமும் ஒன்றே. ஓர் இடத்தின் உயரத்தைச் சொல்ல அந்த இடத்தின் எண்கள் மட்டும் போதும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதனால்தான் காலடியில் உள்ளதை மட்டும் கணக்குப்போட்டுக்கொண்டு, கடந்துபோனதை மறந்துவிட முடிகிறது. அதனால்தான் இந்த விளையாட்டில் கடல் உண்டு, குளம் உண்டு, மலையிலிருந்து இறங்கிக் கடலுக்குப் போகும் ஆறு கிடையாது.

நம் கன்னியாகுமரி மாவட்டக் குழித்துறைப் பாலத்தின் கீழ் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று குழித்துறையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? மேலே கோதையாற்றிலும் பறளியாற்றிலும் பெய்த மழை, இரண்டும் மூவாற்றுமுகத்தில் கூடுவது, பேச்சிப்பாறை அணை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, எல்லாம் தெரிய வேண்டும். தேங்காப்பட்டணம் கழிமுகத்தின் ஒரு புள்ளியைச் செய்ய, மலைமுகடுவரை முழு வடிநிலத்தையும் முதலில் செய்தாக வேண்டும். ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ என்ற இன்னொரு விளையாட்டு அப்படிச் செய்கிறது: உலகம் முழுவதையும் முன்கூட்டியே எழுப்பி, மண்ணரிப்பையும் ஓடவிட்டு, ஆறுகளைப் பெறுகிறது. அதற்கு ஒரே ஓர் உலகம்தான், அதுவும் காத்திருந்து.

நோ மேன்ஸ் ஸ்கையில் ஒரு கோளுக்குப் பெரும்பாலும் ஒரே நிலம். பாலை என்றால் துருவம்வரை பாலை. நம் மாவட்டத்திலோ மலையும் காடும் வயலும் கடலும் ஒரு காலைப் பொழுதில் பார்த்துமுடிக்கும் தூரத்தில் இருக்கின்றன. விளவங்கோடு பக்கம் நனைந்து கிடக்கும்போது தோவாளை பக்கம் வெயில் அடிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுழலும். மலை மழையைத் தடுக்கிறது, இடைவெளி காற்றைக் குவிக்கிறது. பக்கத்து இடம் பக்கத்து இடத்தைப் பாதிப்பதால் விளைவது இது. எண்ணிக்கையைக் காட்டி மலைக்கவைக்கும் விளம்பரங்களைவிட, இந்த ஒரு குறை அந்த உலகத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது.

இது தெரிந்தால் விளையாட்டில் முன்னேறுவதும் எளிது. ஆட்டத்தைப் பதிந்துவைக்கும் சேவ் கோப்பில் கோள் இருக்காது. நீங்கள் மாற்றியவை மட்டுமே இருக்கும். கட்டிய பேஸின் (தங்குமிடத்தின்) உறுப்புகள், பையிலுள்ள சாமான், தோண்டிய குழி. குழிகளைப் பதிய ஒதுக்கிய இடம் கொஞ்சம். அது நிரம்பினால் பழைய குழி பதிவிலிருந்து போய்விடும், கணக்கு மறுபடி மண்ணைப் போட்டு மூடிவிடும். மலையைக் குடைந்து அறை கட்டியவர்கள் திரும்பி வரும்போது கட்டிலுக்கு மேல் மண் கிடப்பது இதனால்தான். சமதளத்திலோ இயற்கைக் குகையிலோ கட்டுங்கள். தோண்டியே ஆகவேண்டுமென்றால் பேஸ் கம்ப்யூட்டரை (அந்த இடத்தை நம் பேஸாக்கும் கருவியை) வைத்த பிறகு தோண்டுங்கள். கணக்கையே மாற்றினாலும் கதை கந்தல்தான். 2018 ஜூலையில் வந்த ‘நெக்ஸ்ட்’ அப்டேட்டில் அதே சீட்டுக்கு வேறு நிலம் முளைத்தது.

ஆனி, ஆடிச் சாரலில் கரண்ட் போகிற ஊர் நம்முடையது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தானாகப் பதிவது ஒன்று, நாமாகப் பதிவது ஒன்று என இரண்டு சேவ் உண்டு. இரண்டையும் புழக்கத்தில் வைத்திருந்தால், எழுதும்போது கரண்ட் போய் ஒன்று கெட்டாலும் மற்றது கைகொடுக்கும்.

தொடக்கத்தில் பலரும் முதல் கோளிலேயே உழன்று சலித்துப்போகிறார்கள். வேண்டியது ஹைப்பர்டிரைவ், அதாவது வேறு நட்சத்திரத்துக்குத் தாவவைக்கும் எஞ்சின்: குரோமாட்டிக் மெட்டல் 125, மைக்ரோபிராசசர் 5. ரிஃபைனர் என்ற உருக்கும் கருவியில் 2 காப்பருக்கு 1 குரோமாட்டிக் மெட்டல், ஆகவே காப்பர் 250. பிறகு அதன் எரிபொருளான ஒரு வார்ப் செல்லுக்கு ஆன்டிமேட்டர் (குரோமாட்டிக் மெட்டல் 25, கண்டென்ஸ்டு கார்பன் 20), அதன் உறை (ஆக்சிஜன் 30, ஃபெரைட் டஸ்ட் 50). மஞ்சள் நட்சத்திரத்தில் காப்பர்தான் கிடைக்கும். ஹைப்பர்டிரைவோடு இண்டியம் டிரைவ் என்ற கூடுதல் கருவியைப் பொருத்தி நீல நட்சத்திரத்துக்குப் போனால் 1 இண்டியத்துக்கு 2 குரோமாட்டிக் மெட்டல், காப்பரைப்போல் நான்கு மடங்கு. போர்ட்டல் குறிகளுக்கு, விண்வெளி நிலையத்தில் தென்படும் டிராவலர் என்ற பாத்திரத்திடம் 100 நானைட் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்) கொடுத்து ஊரைக் கேளுங்கள். அவர் காட்டும் கல்லறைக்குப் போனால் குறி ஒன்று கிடைக்கும். 16ம் சேர்ந்த பிறகு, அடுத்தவர் கண்டுபிடித்த நல்ல கோளின் முகவரி இருந்தால் போதும், தேடி அலைய வேண்டாம்.

கடைசியாக மூடநம்பிக்கை. எஸ் கிளாஸ் (சி, பி, ஏ, எஸ் என்ற தரங்களில் உச்சமானது) கப்பல் வர ‘ராசியான நேரம்’, ‘ராசியான இறங்குதளம்’ என்றெல்லாம் பேச்சு உண்டு. ஒரு நட்சத்திரக் குடும்பத்துக்கு எந்தெந்தக் கப்பல் வரும் என்பது சீட் முடிவுசெய்தது, மாறாது. அது எந்தக் கிளாஸில் வரும் என்பது மட்டும் வரும்போது விழும் தாயம். விளையாடுபவர்களிடம் புழங்கும் கணக்கின்படி, பொருளாதாரத்துக்கு மூன்று நட்சத்திர மதிப்புள்ள வளமான குடும்பத்தில் எஸ் கிளாஸுக்கு 2 சதவீதம், ஒரு நட்சத்திர மதிப்புள்ள ஏழைக் குடும்பத்தில் சுழி. முன்னது வரவில்லை என்பதால் அடுத்தது வரக் கடமைப்படவில்லை. 50 கப்பல் பார்த்தாலும் ஒன்றாவது எஸ் ஆக இருக்க 64 சதவீதமே வாய்ப்பு. அப்படிப்பட்ட ஏழை நட்சத்திரக் குடும்பத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து ஆட்டத்தை ரீலோட் செய்கிறவருக்கு எந்த நேரமும் ராகுகாலம்தான். பிடித்த கப்பல் ஏ கிளாஸில் வந்தால் வாங்கிவிடுங்கள். விண்வெளி நிலையத்தில் 50,000 நானைட் கொடுத்தால் எஸ் ஆக்கித் தருவார்கள். சி கிளாஸிலிருந்து ஏற்றுவதென்றால் 10,000, 25,000, 50,000 என மொத்தம் 85,000.