இந்திரகோபம்: மழைக்கு வெளிவரும் மூதாய்

முதல் மழை பெய்து மண் குளிர்ந்ததும் செம்மண் காட்டிலும் புல்தரையிலும் ஊர்ந்து திரியும் சின்னஞ்சிறு சிவப்புப் பூச்சிதான் இந்திரகோபம். வெல்வெட் பூச்சி என்று சொல்லிப் பிள்ளைகள் தீப்பெட்டியில் பிடித்து வைப்பார்களே, அதேதான்.

பெயரில் கோபம் இருக்கிறதே தவிர, சினத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வடமொழியில் இவை இரண்டு வேறு சொற்கள். சினம் என்ற பொருள் தருவது 'கண்' என்பதில் வரும் ககர ஒலியோடு தொடங்கும். பூச்சியின் பெயரில் இருப்பது 'கோபாலன்' என்பதில் வரும் ககரம். அதற்குக் காவலன் என்று பொருள். மழைக்கடவுளான இந்திரனைக் காவலாகக் கொண்டது இந்திரகோபம். தமிழில் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுவதால் குழப்பம் வருகிறது. திருமுருகாற்றுப்படையில் 'கோபத்தன்ன தோயாப் பூந்துகில்' என்று வருவதும் இந்தப் பூச்சியின் நிறம்தான்: சாயத்தில் தோய்க்காமலே சிவந்த துகில்.

கையில் எடுத்தால் காலை உள்ளிழுத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். உடல் முழுக்க அடர்ந்த குறுமயிர். அதுதான் அந்தப் பட்டு மினுமினுப்பு. வளர்ந்ததற்கு எட்டுக் கால்கள். அதனால் அறிவியல்படி இது பூச்சியே அல்ல, சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. முட்டையிலிருந்து வரும்போது மட்டும் ஆறு கால்கள். அந்தப் பருவத்தில் வேறு பூச்சிகளின் உடலில் ஒட்டிச் சாறு உறிஞ்சும். வளர்ந்தபின் சிறு பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்னும். கண்ணைப் பறிக்கும் சிவப்பு, 'என்னைத் தின்னாதே' என்று பிற விலங்குகளுக்கு விடும் எச்சரிக்கை.

சரி, தமிழில் என்ன சொல்வது? தம்பலப்பூச்சி என்ற பெயர் இருக்கிறது. தம்பலம் என்பது வெற்றிலை பாக்கு. மென்ற வாயின் சிவப்பு நினைவுக்கு வருகிறது அல்லவா? அதைவிடப் பழையது மூதாய். அகநானூற்றின் 14ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தனார், அரக்குப் போலச் சிவந்த நிலத்தில் காயாவின் நீலப் பூக்கள் உதிர்ந்து கிடக்க, அவற்றினூடே 'ஈயல் மூதாய்' ஊர்ந்து வரிவரியாய் அழகு செய்வதைக் காட்டுகிறார். பவளமும் நீலமணியும் கலந்து பதித்ததுபோல் இருக்கிறதாம் அந்தக் குன்று. ஈயல் என்றால் ஈசல்; அதுவும் மழைக்கு வெளிவருவதுதானே. இவ்வளவு சின்ன உயிரைக் குனிந்து பார்த்து, அதன் நிறத்துக்குப் பக்கத்தில் எந்தப் பூ கிடந்தது என்பது வரை எழுதிய கண் அது!

சில ஊர்களில் இதைப் பட்டுப்பூச்சி என்பார்கள். பட்டுநூல் தரும் பூச்சிக்கும் அதே பெயர் என்பதால், எழுத்தில் தம்பலப்பூச்சி அல்லது மூதாய் என்றே எழுதலாம்.