ஏரிக்குள் இளவேனில் எப்போது தொடங்குகிறது?

வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதி. ஏப்ரல் நடுவில் வின்டர்மியர் ஏரியின் மேற்குக் கரையோரம் நடந்து போகிறவருக்கு, குளிர்காலம் முடிந்துவிட்டதா என்ற சந்தேகமே வராது. ஓக் மரங்கள் இன்னும் மொட்டையாக நிற்க, அவற்றின் அடியில் டாஃபடில் மஞ்சளாகப் பூத்திருக்கும். சுண்ணாம்பும் சாந்தும் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய மதிலுக்கு அப்பால், பிறந்து இரண்டு நாளான ஆட்டுக்குட்டி தாயின் மடியை முட்டிக்கொண்டிருக்கும். நடையில் உடம்பு சூடேறி மேல்கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளத் தோன்றும். அந்த உற்சாகத்தில் காலணியைக் கழற்றிவிட்டு ஏரிக்குள் காலை வைத்துப் பாருங்கள். கணுக்கால் எலும்பு வரை வலிக்கும். தண்ணீர் ஏழெட்டு டிகிரி செல்சியஸில்தான் கிடக்கிறது.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், ஒரு கிலோ காற்றுக்குத் தேவைப்படுவதைப் போல நான்கு மடங்கு. போதாததற்கு, ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். அதே அளவு காற்று ஒன்றேகால் கிலோவைத் தாண்டாது. ஆகவே நிலத்தின் மேலுள்ள காற்று ஒரு நல்ல பகலில் செய்துவிடுகிற வேலையை முடிக்க ஏரிக்கு வாரக்கணக்கில் ஆகிறது. பிற்பகலில் கரையோரம் நடப்பவர் முகத்தில் திடீரென்று ஒரு சில்லிட்ட காற்று படுமே, அதுவும் இதனால்தான். வெயில் பட்ட சரிவில் காற்று சூடாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்ப ஏரியின் மேலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஆண்டின் முதல் வெயில் நாளில் ஆசையாகத் தண்ணீருக்குள் குதிப்பவருக்கு, குளிர் தாக்கியதும் மூச்சு அவர் கட்டுப்பாட்டை மீறி உள்ளே இழுக்கும். அந்த நேரம் வாய் நீருக்குள் இருந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மூழ்கலாம். காற்றின் வெப்பத்தை வைத்து ஏரியை எடைபோடக் கூடாது.

சரி, தண்ணீர் இப்படிக் குளிர்ந்து கிடக்கும்போது ஏரிக்குள் எதுவும் தொடங்கவில்லையா? தொடங்கி ஒன்றிரண்டு மாதமாகிவிட்டது. கரையில் டாஃபடில் மொட்டு விடுவதற்கு முன்பே உள்ளே வேலை ஆரம்பம். அதைத் தொடங்கி வைத்தது வெப்பம் இல்லை, வெளிச்சம்.

இது புரிய, வின்டர்மியர் குளிர்காலத்தை எப்படிக் கழிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி இது. நீளம் ஏறக்குறைய 17 கிலோமீட்டர், அகலம் எங்கும் இரண்டு கிலோமீட்டரை எட்டாது, ஆழம் வடபாதியில் 64 மீட்டர். ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 39 மீட்டர்தான் என்பதால், அதன் அடித்தளம் கடல்மட்டத்துக்கும் 25 மீட்டர் கீழே போய்விடுகிறது. ஆறு அரித்து இப்படி ஒரு பள்ளம் தோண்டாது. பனியுகத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் ஊர்ந்து போன பனியாறுகள் பாறையைச் செதுக்கிவிட்டுப் போன தொட்டி இது.

தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது நான்கு டிகிரியில். பள்ளிப் பாடப்புத்தகம், குளிர் நாட்டு ஏரிகள் ஆண்டுக்கு இருமுறை புரண்டு கொடுக்கும் என்று சொல்லும்: குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி, கீழே நான்கு டிகிரித் தண்ணீர்; இலையுதிர்காலத்தில் ஒரு புரளல், இளவேனிலில் ஒரு புரளல். வின்டர்மியர் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் மிதமான காற்றால் பெரும்பாலான ஆண்டுகளில் அது உறைவதே கிடையாது. 1895-ல் உறைந்து மக்கள் அதன்மேல் சறுக்கி விளையாடியது இன்றும் பேச்சில் வருவதற்குக் காரணமே அது அபூர்வம் என்பதுதான். வழக்கமான குளிர்காலத்தில் மேலும் கீழும் ஏறத்தாழ ஒரே ஐந்தாறு டிகிரி. வெப்பத்தில் வேறுபாடு இல்லை, அதனால் அடர்த்தியிலும் இல்லை. காற்று அடித்தால் 64 மீட்டரும் சேர்ந்து கலங்கும். நவம்பர், டிசம்பர் தொடங்கி மார்ச் வரை ஏரி ஒரே நீண்ட கலக்கலில் இருக்கிறது.

இந்தக் கலக்கலில் சிக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும் ஓர் உயிர்தான் நம் கதையின் நாயகி. பெயர் அஸ்டெரியோனெல்லா. டயட்டம் வகை நுண்பாசி. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நீளத்தில், குச்சி போன்ற செல்கள். பெரும்பாலும் எட்டு செல்கள் நுனியில் ஒட்டிக்கொண்டு நட்சத்திரம் போல விரிந்திருக்கும். ஒவ்வொரு செல்லையும் சுற்றி சிலிக்காவால் ஆன ஓடு. கண்ணாடிப் பெட்டிக்குள் வாழும் தாவரம் என்று சொல்லலாம்.

டிசம்பரில் இந்த ஊரில் பகல் ஏழு மணி நேரம் சொச்சம். அந்த மங்கல் வெளிச்சமும் நீரின் மேல் சில மீட்டர்களைத்தான் தொடும். கலக்கலில் மேலே வந்த செல் கொஞ்சம் ஒளி குடிக்கும். அடுத்த கணம் அடியிருட்டுக்கு இழுத்துச் செல்லப்படும். சம்பாதிப்பதைவிடச் செலவு அதிகம். பிப்ரவரி கடந்து பகல் நீள நீள இந்தக் கணக்கு மாறுகிறது. ஒரு கட்டத்தில் வரவு செலவை மிஞ்சும். தண்ணீர் அப்போதும் ஐந்தாறு டிகிரிதான்; செல்லுக்கு அது போதும். வாரம் ஒருமுறை இரட்டித்தால்கூட பத்து வாரத்தில் ஆயிரம் மடங்கு. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஆயிரக்கணக்கான செல்கள் மிதக்கின்றன. கரையில் நிற்பவருக்கு ஏரி சற்றுப் பழுப்பேறியது போலத் தெரியலாம், அவ்வளவே. நிலத்தில் பூ பூத்தால் ஊரே படம் எடுக்கிறது. இந்தப் பூப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1931-ல் இதே மேற்குக் கரையிலுள்ள ரே கோட்டையில் நன்னீர் உயிரியல் ஆய்வகம் ஒன்று இயங்கத் தொடங்கியது. அங்கே பணிக்கு வந்த ஜான் லண்ட் என்ற பாசியியலாளர், 1940களில் அஸ்டெரியோனெல்லாவை வாரந்தவறாமல் எண்ணிப் பார்த்தார். அவர் கண்ட முடிவு எளிமையானது, அழகானது. குளிர்கால நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வாக்கில் சிலிக்கா இருக்கிறது. மழை மலைப்பாறையைக் கரைத்துக் கொண்டுவந்து சேர்த்த சொத்து அது. ஒவ்வொரு புதிய செல்லும் ஓடு கட்ட அதிலிருந்து கொஞ்சம் எடுக்கிறது. அளவு லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குக் கீழே போனதும் கூட்டம் சரிகிறது. கட்டுமானப் பொருள் தீர்ந்துவிட்டது. வெளிச்சமும் வெப்பமும் அப்போதுதான் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும், இருந்தும் பயனில்லை. சில ஆண்டுகளில் சிலிக்கா தீர்வதற்கு முன்பே வீழ்ச்சி வந்துவிடும். செல்லோடு ஒட்டி உறிஞ்சும் நுண்பூஞ்சை ஒன்று கொள்ளைநோயாகப் பரவுவதை ஹில்டா கேன்டர் என்ற ஆய்வாளர் நுண்ணோக்கியில் பின்தொடர்ந்து காட்டினார்.

இதற்கிடையே ஏரியும் தன் பங்குக்கு மாறுகிறது. வெயில் மேல்நீரைச் சூடாக்குகிறது. சூடான நீர் இலேசாகி மேலேயே தங்குகிறது. தொடக்கத்தில் இந்தப் பிரிவினை பலவீனமானது. ஐந்து டிகிரி நீருக்கும் ஆறு டிகிரி நீருக்கும் கன மீட்டருக்கு எடை வேறுபாடு சுமார் 24 கிராம். பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் இடையே அதே ஒரு டிகிரி வித்தியாசம் ஏறக்குறைய 200 கிராம். ஆகவே ஏப்ரலில் ஒரு புயற்காற்று வந்தால் அடுக்குகள் கலைந்துபோகும். ஜூலையில் அதே காற்று தோற்றுப்போகும். கோடையில் மேலே இதமான ஓர் ஏரி, கீழே குளிர்ந்த இருட்டான இன்னோர் ஏரி என்று இரண்டு ஏரிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். காற்று ஒரு திசையில் தொடர்ந்து வீசினால் மேல்நீர் ஒரு முனையில் குவியும். காற்று நின்றதும் இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை, தூளியைப் போல நீள ஆடும். ஆழத்தில் பல மீட்டர் உயரத்துக்கு எழும் அந்த அலையின் மேலே படகில் உட்கார்ந்திருப்பவருக்குத் தேநீர்க் கோப்பைகூடத் தளும்பாது.

அடுக்கு பிரிவது டயட்டத்துக்குப் பாதகம். கண்ணாடி ஓட்டோடு தண்ணீரைவிடக் கனமாக இருப்பதால் அதை மிதக்க வைப்பதே கலக்கல்தான். கலக்கல் அதிகமானால் இருட்டு, நின்றுபோனால் மூழ்கல். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற சில வாரங்கள்தான் அதன் வாழ்வு.

அந்தச் சில வாரங்களை நம்பி வரிசையில் நிற்பவர்கள் வேறு உண்டு. நுண்பாசியைச் சலித்து உண்ணும் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு. அதைத் தின்று வளரும் பெர்ச் மீன்குஞ்சு. பெர்ச் ஏப்ரல் கடைசியிலிருந்து கரையோர ஆழமில்லாத நீரில், மூழ்கிய கிளைகளிலும் நீர்ச்செடிகளிலும் நாடா போலத் தன் முட்டைச்சரத்தைச் சுற்றிவிடும். அதற்கு முட்டையிடும் வேளையைச் சொல்வது நீரின் வெப்பம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941 முதல், உணவுத் தட்டுப்பாட்டுக்காக இந்த மீனைப் பொறிவைத்துப் பிடித்து, டப்பாவில் அடைத்து, 'பெர்ச்சைன்ஸ்' என்ற பெயரில் விற்றார்கள். சாப்பிட்டவர்கள் என்ன நினைத்தார்களோ, அந்த மீன்பிடிப்பில் எழுதிவைத்த கணக்குகள் பிற்கால ஆய்வுக்குப் பொக்கிஷமாகிவிட்டன.

குட்டி பிறக்கும்போது தீனி தயாராக இருக்க வேண்டும் என்ற இதே சிக்கல் கரையில் ஆடு வளர்ப்பவருக்கும் உண்டு. அவர் அதை எப்படித் தீர்க்கிறார் என்பது பார்க்கத் தகுந்தது. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் ஆறரை டிகிரி வாக்கில் குறையும். 950 மீட்டர் உயர ஹெல்வெலின் மலையின் உச்சி, வின்டர்மியர் கரையைவிட ஏறத்தாழ ஆறு டிகிரி குளிர்ச்சி. மண் ஐந்தாறு டிகிரியைத் தொடாமல் புல் வளராது. அதனால் சமவெளிப் பண்ணைகளைவிட இங்கே குட்டிகள் தாமதமாகவே பிறக்க வேண்டும். செம்மறியின் சினைக்காலம் சுமார் 147 நாள். நவம்பர் 20 வாக்கில் கிடாவை மந்தையில் விட்டால் ஏப்ரல் 16-ல் முதல் குட்டி விழும். கிடாவின் மார்பில் சாயம் பூசிவிடுவார்கள். அது இணைந்த பெண்ணாட்டின் முதுகில் நிறம் ஒட்டும். சில நாளுக்கொருமுறை சாயத்தின் நிறத்தை மாற்றினால், எந்த ஆடு முதலில் ஈனும், எது பிறகு ஈனும் என்பது முதுகிலேயே எழுதியிருக்கும். இந்த மலைக்கே உரிய ஹெர்ட்விக் இனத்தின் குட்டிகள் கருகருவென்று பிறந்து, வயது ஏற ஏற வெளிறும். தாய் மேயும் மலைப்பரப்பையே குட்டியும் பழகிக்கொள்வதால் உச்சியில் வேலியே தேவைப்படுவதில்லை.

புல் முந்தினால் கிடாவை முன்னதாக விடலாம் என்று ஆட்டுக்காரர் முடிவெடுக்க முடியும். பெர்ச்சுக்கு அந்த வசதி இல்லை. 1945 முதல் தொடர்ந்து எடுத்துவரும் ஏரி அளவீடுகளில், 1980களின் பிற்பகுதிக்குப் பிறகு நீர் சூடேறியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. நுண்பாசிப் பெருக்கம், டாஃப்னியாவின் பெருக்கம், பெர்ச் முட்டையிடும் நாள் மூன்றுமே முன்னால் நகர்ந்திருக்கின்றன, ஆனால் ஒரே வேகத்தில் நகரவில்லை. காரணம் நாம் பார்த்ததுதான்: பாசியின் கடிகாரத்தில் ஒளிக்கும் சிலிக்காவுக்கும் பங்கு உண்டு, கழிவுநீரோடு வந்து பாசிக்கு உரமான பாஸ்பரஸும் அதைக் குழப்பியிருக்கிறது. பெர்ச்சின் கடிகாரம் பெரும்பாலும் வெப்பத்தில் ஓடுகிறது. ஒரே வீட்டில் இரண்டு கடிகாரம், இரண்டுக்கும் சாவி வேறு.

மேலே இவ்வளவு நடக்க, அடியில் இன்னொரு கணக்கு ஓடுகிறது. மூழ்கிய டயட்டங்களை பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது கீழ்நீரின் ஆக்சிஜன் செலவாகிறது. அடுக்கு பிரிந்தபின் மேலிருந்து புதிய ஆக்சிஜன் இறங்க வழியில்லை. ஏப்ரலில் நிரப்பிய மூச்சை வைத்தே இலையுதிர்காலம் வரை ஓட்ட வேண்டும். பனியுகத்து மிச்சமாக இந்த ஆழத்தில் வாழும் 'ஆர்க்டிக் சார்' என்ற மீனுக்கு நெருக்கடியே அப்போதுதான். மேலே சூடு, கீழே மூச்சு முட்டல். சத்து மிகுந்த தென்பாதியில் இது கடுமை. 1992-ல் கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸைப் பிரித்தெடுக்கத் தொடங்கியது இதற்காகத்தான். அந்த மீனுக்கு முழு விடுதலை நவம்பர்ப் புயல்கள் வந்து ஏரியை மறுபடி அடிவரை கலக்கும்போது கிடைக்கிறது. அதே வாரங்களில் கரையிலுள்ள பண்ணைகளில் கிடாவின் மார்பில் சாயம் பூசிக்கொண்டிருப்பார்கள்.