பூமிக்கடியில் தொட்டி இல்லை, ஐயா

கரியமில வாயுவைப் பிடித்துப் பூமிக்கடியில் அடைக்க வழிசெய்யும் கார்பன் பிடிப்பு, பயன்பாடு, சேமிப்புச் சட்டம் 2025 மார்ச்சில் மலேசிய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அன்றிலிருந்து தோட்டத்து ஒட்டுக்கடைகளில் ஒரே பேச்சு: "செம்பனைக்கு அடியில கேஸ நிரப்பப் போறாங்களாம், ஒரு நாள் பலூன் மாதிரி வெடிக்குமாம்." பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. போதாக்குறைக்கு, பல்கலைக்கழகம் போன நம் பிள்ளைகள் வாயு பாறைக்குள் எப்படிப் பரவும் என்று கணித்த ஒரு கணினி வீடியோவை வண்ண வண்ணமாகக் காட்டி, "ஆயிரம் வருஷத்துக்கு அசையாது" என்கிறார்கள். பயந்தவர், பயமே இல்லாதவர், இருவர் மனதிலும் இருப்பது ஒரே படம்தான்: பூமிக்குள் ஒரு பெரிய தொட்டி.

அப்படி ஒன்று கிடையாது. 'நிலத்தடி நீர்த்தேக்கம்' என்ற சொல்லே பாதி வினை. தேக்கம் என்றதும் அணைக்கட்டு ஞாபகம் வந்துவிடுகிறது. ஒரு செங்கல்லை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். குமிழி விட்டுக்கொண்டே தண்ணீரைக் குடிக்கும். வெளியே எடுத்து உடைத்தால் உள்ளே குளமா இருக்கிறது? ஆழத்து மணற்கல்லும் அப்படித்தான். நல்ல பாறையில் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு துளை. ஒவ்வொரு துளையும் தலைமுடியைவிடச் சிறியது, எல்லாவற்றிலும் ஏற்கனவே உப்பு நீர். வாயு அந்த நீரைத் துளை துளையாகத் தள்ளித்தான் இடம் பிடிக்க வேண்டும். காலி இடமே இல்லாதபோது பலூன் எங்கிருந்து வந்தது?

கிணற்று நீர் சோடாவாகுமா என்று கேட்பவர்களுக்கு: உங்கள் கிணறு சில பத்து மீட்டர். இந்த வேலைக்கு வேண்டிய ஆழம் 800 மீட்டருக்கு மேல், இடையில் களிப்பாறை மூடி. பேசப்படும் பெரிய திட்டங்களும் கடலுக்கடியில்தான். கசாவாரி என்ற திட்டம் சரவாக் கடலில். அங்கே வாயுவை இறக்கப்போவதும் எடுத்துத் தீர்ந்த எரிவாயு வயலில்.

உள்ளே போன வாயு மூடிக்கடியில் தேங்கும், துளைகளில் துண்டு துண்டாகச் சிக்கும், உப்பு நீரில் கரையும், மிக மெதுவாகக் கல்லாகவும் மாறும். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எது எவ்வளவு, எப்போது என்பதுதான் கணிப்பின் வேலை. பிள்ளைகள் சறுக்குவதும் இங்கேதான்.

பிள்ளைகளே, முதலில் கட்டத்தின் அளவு. கணினி பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது. வாயு மூடிக்கடியில் மெல்லிய படலமாகப் பரவும். பத்து மீட்டர் உயரக் கட்டம் போட்டால் அந்தப் படலம் தடித்துக் குட்டையாகிவிடும். நிஜத்தில் எட்டும் தூரம் படத்தில் வராது. அகலமான கட்டத்தில் இன்னொரு வம்பு: நுழைந்த வாயு கட்டம் முழுவதுமுள்ள நீரோடு உடனே கலந்துவிட்டதாகக் கணக்காகி, கரைந்த அளவு ஊதிப்போகும். அதைப் பார்த்துவிட்டு, "பாதி கரைஞ்சிடுச்சு" என்று கைதட்டாதீர்கள். கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். விடை மாறினால் முந்தைய விடை பாறையுடையது அல்ல, உங்கள் கட்டத்துடையது.

அடுத்தது ஓரம், அதாவது கணினிப் பாறை முடியும் எல்லை. ஓரக் கட்டங்களின் துளைக் கொள்ளளவை ஆயிரம் மடங்காக்கிவிட்டால் அழுத்தம் ஏறவே ஏறாது. படம் அழகாக வரும், பாறை அப்படி நடக்காது. நார்வேயின் ஸ்நோவிட் எரிவாயு வயலில் 2008இல் கரியமில வாயுவை உட்செலுத்தத் தொடங்கினார்கள். டுபாயன் என்ற பாறை அடுக்கில் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியதால் 2011இல் வேறு அடுக்குக்கு மாறினார்கள். வாயு போகும் தூரத்தைவிட அழுத்தம் போகும் தூரம் பல மடங்கு. அழுத்தம் வெளியேற முடியாத மூடிய ஓரம், வெளியேறக்கூடிய திறந்த ஓரம் இரண்டையும் ஓட்டிக் காட்டுங்கள். வாயுவை இறக்கும் கிணற்றின் அடியில், பாறை உடையும் அழுத்தத்தின் 90 விழுக்காட்டை வரம்பாக வையுங்கள். அமெரிக்க விதியில் இருப்பதும் அதுவே.

சிக்கிக்கொள்ளும் வாயுவின் பங்கை ஒஹாயோ மாநிலத்துப் பெரியா மணற்கல்லிலிருந்து பெயர்த்து எடுத்து வராதீர்கள். ஆய்வுக்கூடங்களுக்கு அந்தக் கல் கோயில் தேங்காய் மாதிரி, எல்லாவற்றுக்கும் அதுதான்! நம் கடலடியிலுள்ள மலாய்ப் படுகை வேறு, வெப்பமும் அதிகம்; சூட்டில் வாயு விரிந்து அடர்த்தி குறையும். 800 மீட்டரில் கன மீட்டருக்கு 700 கிலோ அடர்த்தி என்று போட்டால், கொள்ளளவு காகிதத்தில் மட்டும் இருக்கும்.

மெல்லிய களி அடுக்குகளையும் அலட்சியப்படுத்தாதீர்கள். நார்வேயின் கடலிலுள்ள ஸ்லெய்ப்னர் வயலில் 1996 முதல் உட்சிரா மணற்கல்லுக்குள் வாயு போகிறது. நில அதிர்வலைப் படங்களில் அது ஒன்பது அடுக்குகளாகப் பரவியது தெரிந்தது. அவற்றைப் பிரித்தவை பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவே தடிமனான களி. அப்படியிருந்தும் மூன்றே ஆண்டில், 1999க்குள், வாயு அந்த மணற்கல்லின் உச்சியை எட்டிவிட்டது.

பெரியவர்களே, விளக்கக் கூட்டம் நடந்தால் வீடியோவைப் பார்த்து மயங்க வேண்டாம். தயவுசெய்து இதைக் கேளுங்கள்: அந்த வட்டாரத்தில் கைவிடப்பட்ட பழைய எண்ணெய், எரிவாயுத் துளைக் கிணறுகள் எத்தனை, அவற்றின் சிமெண்டை யார் எப்போது சோதித்தார்கள்? பாறையைவிட அந்த ஓட்டைகள்தான் கசியும்.

பயந்தே தீருவேன் என்றால் குழாயை நினைத்துப் பயப்படுங்கள். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், சட்டார்ஷியா என்ற ஊர் அருகே, கனமழைக்குப் பின் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் உடைந்தது. சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பள்ளத்தில் படுக்கும். மேடும் பள்ளமும் மழையுமான தோட்டப் பகுதி வழியாக என்றாவது குழாய் வந்து அது உடைந்தால், மேட்டுக்கு ஏறுங்கள், காற்றுக்குக் குறுக்கே நடங்கள். பள்ளத்தில் நிற்கும் காரை எடுக்கப் போகாதீர்கள்: ஆக்சிஜன் குறைந்தால் எஞ்சின் நின்றுவிடும், சட்டார்ஷியாவிலும் கார்கள் அப்படி நின்றன. விழுந்தவரைத் தூக்க ஒருவர் பின் ஒருவராக இறங்கவே இறங்காதீர்கள். 999ஐ அழையுங்கள்.