கன்றுகளை இடம் மாற்றினால் போதும்

நமீபியாவின் நடுப்பகுதியில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது பழைய தலைவலி. ஒருவர் ஆண்டுதோறும் சிவிங்கிப்புலியிடம் (சீட்டா) கன்றுகளைப் பறிகொடுப்பார். கொஞ்சம் தள்ளி இருப்பவருக்கு இழப்பு பேருக்குத்தான். புலியைச் சுட்டால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும்.

உலகில் மிஞ்சியிருக்கும் சிவிங்கிப்புலிகள் சுமார் 7,000. நமீபியாவில் அவற்றில் பெரும்பாலானவை காப்பகங்களில் இல்லை. சிங்கமும் கழுதைப்புலியும் குறைந்த பண்ணை நிலங்களில்தான் வாழ்கின்றன. எனவே பண்ணைக்காரர் ஒத்துழைக்காமல் அங்கே எந்தப் பாதுகாப்பும் நடக்காது.

பெர்லினின் லைப்னிட்ஸ் வனவிலங்கு ஆய்வு நிறுவனத்தினர் 2007 முதல் 2018 வரை 106 சிவிங்கிப்புலிகளுக்கு ஜிபிஎஸ் பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். தெரிய வந்தது இதுதான்: ஆண்களில் சிலதான் எல்லை வகுத்து ஆள்கின்றன. மற்றவை நாடோடிகள். ஆளும் ஆண்களின் எல்லைகள் ஒன்றையொன்று ஒட்டியிருப்பதில்லை. மையத்துக்கு மையம் 20 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. ஒவ்வொரு மையத்திலும் சில அடையாள மரங்கள் நிற்கின்றன. ஆளும் ஆண் அவற்றில் ஏறிச் சிறுநீர் பீய்ச்சும், எச்சமிடும். நாடோடி ஆண்கள் மோப்பம் பிடித்துச் செய்தி அறிய வருகின்றன. பெண்களும் வந்து போகின்றன. டீக்கடை பெஞ்சு மாதிரி, ஊரே அங்கே கூடுகிறது. அந்த மரத்தின் மேல் அவற்றுக்கு எவ்வளவு ஈர்ப்பு என்றால், ஆய்வாளர்கள் அவற்றைப் பிடிப்பதற்குக் கூண்டில் இரையே வைக்க வேண்டாம். மரத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரே வழியில் கூண்டை வைத்தால் மரத்தை அடைவதற்காகத் தானே உள்ளே நுழைந்துவிடும்.

ஆளும் ஆண் செத்தாலும் மையம் இடம் மாறுவதில்லை. நாடோடிகளில் ஒன்று அதைப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கி ஏன் பயன்படவில்லை என்பது இப்போது விளங்கும்: சிக்கல் ஒரு குறிப்பிட்ட விலங்கிடம் இல்லை, அந்த நிலத்தில் இருக்கிறது.

தீர்வு வியப்பூட்டும் அளவுக்கு எளிது. சிவிங்கிப்புலி வளர்ந்த மாட்டைத் தொடுவது அரிது, ஆபத்து இளங்கன்றுகளுக்குத்தான். பண்ணைகள் ஏற்கெனவே வேலியிட்ட மேய்ச்சல் பகுதிகளாகப் பிரிந்திருப்பதால், கன்றுள்ள பசுக்களை மையத்திலிருந்து தள்ளி மேய்த்தால் போதும். சோதித்துப் பார்த்த பண்ணைகளில் இழப்பு 86 விழுக்காடு குறைந்தது. புலிகள் கன்றுகளைத் தேடிப் பின்னால் போகவில்லை. அவை வந்ததே மரத்துக்காக. அங்கே கிடைத்த மானினங்களைத் தின்றுகொண்டன.

ஆடு வளர்ப்பவர்களின் கதை வேறு. பண்ணையின் எந்த மூலைக்கு ஓட்டினாலும் ஆடு சிவிங்கிப்புலிக்கு அளவான இரைதான். அவர்களுக்கு நமீபியாவின் சீட்டா பாதுகாப்பு நிதியம் 1994 முதல் அனதோலிய மேய்ப்பு நாய்களைக் கொடுத்து வருகிறது. குட்டியிலேயே ஆட்டுப் பட்டியில் விடுவதால் நாய் மந்தையைத் தன் கூட்டமாக நினைத்து வளர்கிறது. ஏதாவது நெருங்கினால் குறுக்கே நின்று குரைக்கும். ஓடிப் பிழைக்கும் உடம்பு சிவிங்கிப்புலிக்கு. காலில் காயம் பட்டால் வேட்டை போச்சு. அதனால் சண்டைக்கு நிற்காமல் அனேகமாகத் திரும்பிப் போய்விடும்.