முட்டி ஜவ்வும் ஸ்வீடன் லீக்கின் காலண்டரும்

ஸ்வீடனில் பெண்கள் கால்பந்தின் முதல் அடுக்கு டாமால்ஸ்வென்ஸ்கான். அதற்கு அடுத்தது 2013-இல் தொடங்கிய எலிட்டெட்டன். 14 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 26 ஆட்டங்கள். ஏப்ரல் வாக்கில் தொடங்கி நவம்பரில் முடியும். முதல் இரண்டு இடம் பிடித்தால் நேரே மேலே போகலாம். 2003, 2004 என்று அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை வென்ற ஊமேயோ அணியே 2016-இல் சறுக்கி, மறு ஆண்டு இந்த லீக்கில்தான் ஆடியது. ஏதோ ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம்.

நான் பிசியோதெரபிஸ்ட். இந்த மட்டத்தில் ஆடும் பெண்களின் முட்டிகளைப் பார்ப்பது என் வேலை. இவர்களில் பலருக்குக் கால்பந்து மட்டும் சோறு போடுவதில்லை. பகலில் முதியோர் இல்ல வேலை, கல்லூரி, பள்ளிக்கூடம், சாயங்காலம் பயிற்சி. வடக்கே ஊமேயோ போன்ற ஊரிலிருந்து தெற்கே மால்மோ பக்கம் ஆடப் போனால், ஒரு வழிக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்து நிற்கிறவரின் தொடைத் தசையும் தூங்கி எழுந்து வருகிறவரின் தொடைத் தசையும் ஒன்றாக வேலை செய்யாது.

நான் அதிகம் பயப்படுவது ஏசிஎல்லுக்குத்தான். முட்டிக்குள் குறுக்காக ஓடும் ஜவ்வு அது. கால்பந்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அது கிழியும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. பெரும்பாலும் யாரும் காலில் இடித்துக் கிழிவதில்லை. ஓடி வந்து சட்டென்று திசை மாற்றும்போதோ, எம்பி ஹெட் செய்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போதோ கிழிகிறது. 'டப்'பென்று ஏதோ விட்டது போல இருந்தது என்பார்கள். சில மணி நேரத்தில் முட்டி வீங்கும். மறுநாள் நடக்க முடிகிறதே என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். கிழிந்த ஜவ்வோடும் நடக்கலாம். அந்தச் சத்தம், அன்றே வந்த வீக்கம், திரும்பும்போது முட்டி நழுவுகிற உணர்வு, இவற்றில் எது இருந்தாலும் காட்டிப் பார்க்காமல் மைதானத்தில் இறங்காதீர்கள்.

காரணம் கேட்டால் குளிர் என்பார்கள், செயற்கைப் புல் என்பார்கள், மாதவிடாய் என்பார்கள். மாதவிடாய்ச் சுழற்சி பற்றிய ஆய்வுகள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. குளிரை நாம் மாற்ற முடியாது. இறங்குகிற விதத்தை மாற்றலாம்.

இதற்கு ஸ்வீடனிலேயே நல்ல ஆதாரம் இருக்கிறது. 12 முதல் 17 வயது வரையான 4,564 சிறுமிகளை 2009 சீசன் முழுக்கக் கவனித்தார்கள். ஒரு பாதி அணிகள் வாரம் இரண்டு முறை, 15 நிமிடம், 'க்னேகொன்ட்ரோல்' என்ற வார்ம்-அப் செய்தன. மறு பாதி வழக்கம்போல ஆடின. 2012-இல் முடிவு வந்தது: ஏசிஎல் காயங்கள், அந்த வார்ம்-அப் செய்தவர்களிடம் 7, செய்யாதவர்களிடம் 14. ஆடிய நேரத்தையும் கணக்கில் எடுத்தால் 64 சதவீதம் குறைவு. ஒழுங்காகச் செய்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். அதுவும் பயிற்சியாளர்களே நடத்தியது. தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை.

மொத்தம் ஆறே பயிற்சிகள்: ஒற்றைக் கால் ஸ்குவாட், இடுப்பைத் தூக்குவது, இரட்டைக் கால் ஸ்குவாட், பிளாங்க், லஞ்ச் (ஒரு காலை முன்னே எடுத்து வைத்து முட்டியை மடக்குவது), குதித்து இறங்குவது. முதலாவதை மட்டும் கண்ணாடி முன் செய்து பாருங்கள். ஒரு காலில் நின்று மெதுவாக முட்டியை மடக்குங்கள். முட்டி பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேரே போக வேண்டும். முதல் இரண்டு மூன்று தடவை சரியாகப் போகும். அப்புறம் தொடை சோர்ந்து, முட்டி கட்டைவிரலையும் தாண்டி உள்பக்கம் சாயும், எதிர்ப்பக்க இடுப்பு இறங்கும். 80-வது நிமிடத்தில் களைத்த காலோடு இறங்கும்போது நடப்பதும் இதுதான். எண்ணிக்கையைக் கூட்டுவதில் அர்த்தமில்லை. சாய ஆரம்பித்ததும் நிறுத்துங்கள்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் செய்வதில்லை? சலிப்பு, அவ்வளவுதான். பஸ் தாமதமாக வந்தால் பயிற்சியாளர் முதலில் வெட்டுவது இந்தப் பதினைந்து நிமிடத்தைத்தான். வாக்குவாதம் செய்து எனக்குப் பழகிவிட்டது. உங்கள் மகள் எங்கே ஆடினாலும் சரி, அணி தேர்ந்தெடுக்கும்போது சீருடை, கோப்பைகள் பற்றிக் கேட்பதற்கு முன்னால், வார்ம்-அப்பில் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள்.

கிழிந்து அறுவை சிகிச்சையும் ஆகிவிட்டால் பிரச்சினை வேறு. ஏப்ரலில் கிழிந்தவர் அக்டோபரில் வந்து, "ஆறு மாசம் ஆச்சு, மேலே போகிற போட்டி நடக்குது, இருபது நிமிஷமாவது ஆடுறேன்" என்பார். முடியாது என்று நேராகச் சொல்லிவிடுவேன். நார்வேயில் நடந்த ஆய்வு ஒன்றில், ஒன்பதாவது மாதம் வரை ஆட்டத்தை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் மறுபடி முட்டியில் அடிபடும் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மாதம் மட்டும் போதாது. தொடை முன்தசையின் பலமும் ஒற்றைக் கால் தாவலின் தூரமும் மற்றக் காலில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பத்தாவது மாதமானாலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

ஜூலையில் அறுவை சிகிச்சை என்றால் ஒன்பது மாதம் சரியாக ஏப்ரலில் முடியும். தகராறெல்லாம் பிப்ரவரி, மார்ச் பயிற்சி ஆட்டங்களில்தான். அவற்றைப் புள்ளிகள் இல்லாத ஆட்டம் என்று எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். முட்டிக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அங்கேயும் அதே 90 சதவீதம்தான்.